மிதவை ஏன் ஓடுகிறது?

வாசகர் கேள்விகள். இந்த மாதம் கடலும் நீரோட்டமும். பதில் சொல்பவர், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 38 ஆண்டுகள் லாஞ்சும் டக்போட்டும் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு சாரங்கு.

கேள்வி: மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் குடும்பத்தோடு போனோம். படகின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, படகு வேறு பக்கம் போகிறது. நண்டு மாதிரி! ஓட்டியவருக்குத் தூக்கமா, எனக்குத் தலைசுற்றலா? (வாசகி, பிடோக்)

இரண்டும் இல்லை அம்மா. அவர் தொழில் தெரிந்தவர்.

குறுக்கே ஓடுகிற தண்ணீரில் தீவை நேராகக் குறிவைத்துப் போனால் தீவுக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். அதன் வாலையும் தாண்டி எங்கேயோ போய் நிற்பீர்கள். படகின் வேகம் 10 நாட், குறுக்கே இழுக்கும் தண்ணீர் 3 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நேர்கோட்டில் போக வேண்டுமென்றால் மூக்கை ஏறத்தாழ 17 பாகை தண்ணீர் வரும் பக்கமாகத் திருப்பியே வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பாகைக் கணக்கெல்லாம் நான் ஓய்வுபெற்ற பிறகு பேரன் போட்டுக் காட்டியது. நாங்கள் கரையில் இரண்டு அடையாளம் பிடித்துக்கொள்வோம். முன்னால் ஒரு மரம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு கோபுரமோ புகைபோக்கியோ. ஒன்றை ஒன்று மறைத்தபடி இருந்தால் கோட்டில் இருக்கிறோம். கோபுரம் மரத்தை விட்டு வெளியே எட்டிப் பார்த்தால் தண்ணீர் இழுக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை போகும்போது நீங்களும் பிடித்துப் பாருங்கள், தலைசுற்றல் வராது.

கேள்வி: ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) உச்சிக்கு ஏறியதும் தண்ணீர் நின்றுவிடும் என்று படித்துவிட்டு, சரியாக அந்த நேரத்துக்கு நண்பர்களோடு கயாக் எடுத்துக்கொண்டு போனேன். நிற்கவே இல்லை. திரும்பி வருவதற்குள் கை கழன்றுவிட்டது. அட்டவணை தவறா? (வாசகர், தெம்பனிஸ்)

தம்பி, திரும்பி வந்து கடிதம் எழுதினீர்களே, அதுவே சந்தோஷம். அட்டவணை சரி. நீங்கள் பார்த்தது உயர அட்டவணை. பார்த்திருக்க வேண்டியது ஓட்ட அட்டவணை. இரண்டும் வேறு வேறு.

நீங்கள் படித்தது ஒரே வாசல் உள்ள இடத்துக்குப் பொருந்தும். உப்பங்கழி, குடா மாதிரி. உள்ளே வந்து நிரம்பும், நிரம்பியதும் நிற்கும், பிறகு வந்த வழியே வெளியே போகும். நம் சிங்கப்பூர் நீரிணைக்கு இரண்டு வாசல். மேற்கே மலாக்கா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலின் ஓதம் வருகிறது. அது நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிற ஜாதி. கிழக்கே தென்சீனக் கடல். அங்கே நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் குணம் தூக்கலாக இருக்கும். எந்தப் பக்கத்து மட்டம் உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தண்ணீர் மறுபக்கம் ஓடும். நீங்கள் நிற்கிற கரையில் அது முழங்கால் அளவா கழுத்தளவா என்பது பற்றி அதற்கு அக்கறையே கிடையாது.

அதனால்தான் நம் படிக்கட்டுகளில் தண்ணீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினாலும், நீரிணைக்குள்ளே ஓட்டம் பல நாள்களில் ஒரே நீட்டாகக் கிழக்கே, பிறகு ஒரே நீட்டாக மேற்கே என்று போகிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் தென்சீனக் கடல் பக்கம் நீர் குவிந்துவிடும். அப்போது மேற்கே போகிற ஓட்டத்துக்கு இன்னும் பலம்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, 1979இல் எனக்கும் தெரியாது. வயது 22. சாரங்கு வேலைக்கு வந்த புதிது, தலைக்கனம் வேறு. தீவில் வேலை செய்கிற ஆள்களுக்கு அரிசி, பருப்பு, வெங்காயம் ஏற்றிய ஒரு சம்பானை லாஞ்சின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உயர அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். உச்ச ஓதம் பகல் 11.40. அந்த நேரத்துக்கு இரண்டு சிஸ்டர்ஸ் தீவுகளுக்கும் இடையே நுழைந்தால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும் என்பது என் கணக்கு.

நுழைந்தேன். இயந்திரம் முழு வேகத்தில் கத்துகிறது. வலப்பக்கம் கரையில் ஒரு தென்னை. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே தென்னை, அதே இடத்தில். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது! பின்னால் சம்பான் இடதும் வலதுமாக வாலாட்டியது. தண்ணீரின் மேல் அலை என்று எதுவும் இல்லை. எண்ணெய் தடவியது போல வழுவழுவென்று, ஆங்காங்கே அடியிலிருந்து யாரோ ஊதுவது போலப் பெரிய பெரிய வட்டங்கள் மட்டும் மேலே வந்து விரிந்தன. அந்த வழுவழுப்புதான் ஆபத்தானது என்று பிறகு தெரிந்தது.

லாஞ்சில் என்னோடு இருந்தவர் தென் தீவுகளில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், என் அப்பா வயது. பாச்சிக் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரோக்கோவை, அதுதான் சிகரெட்டை, பற்றவைத்துக்கொண்டு 'துங்கு' என்றார். பொறு. கையால் தீவின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார். ஓட்டம் ஒரு தீவில் மோதிப் பிரிந்து போகும்போது அதன் முதுகில் தண்ணீர் எதிர்ப்புறமாகச் சுழன்று வரும். கரையை ஒட்டி அந்தச் சுழற்சிக்குள் லாஞ்சை நுழைத்ததும், ஏதோ தூக்கிவிட்டது போல் முன்னால் போனோம். அங்கேயே நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் இரண்டு மூட்டை அரிசி நனைந்து போயிருந்தது. முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பிடித்தது நியாயம்தான்.

நானாவது பரவாயில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1947 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்கு வடக்கே, காரிவ்ரெக்கன் சுழிக்குப் பக்கத்தில், ஓத அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டுச் சின்ன மகனையும் உறவுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் மாட்டினார். சுழி படகின் இயந்திரத்தையே பிடுங்கிக்கொண்டது. துடுப்பு வலித்து ஒரு பாறைத் திட்டை அடைந்தார்கள், அங்கே படகு கவிழ்ந்தது. பிறகு மீனவர்கள் வந்து மீட்டார்கள்.

இன்னொன்று, நீச்சல் தெரியும் என்கிற தைரியம் வேண்டாம். நம் ஜோசஃப் ஸ்கூலிங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். அதை நாட் கணக்கில் மாற்றினால் 3.9 நாட்கூட வராது. அதாவது 4 நாட் ஓட்டத்தில், தங்கம் வாங்கிய அதே வேகத்தில் நீந்தினாலும் அவர் கரையை விட்டு மெல்லப் பின்னால்தான் போவார். அதுவும் 50 விநாடிக்கு மட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து ஜோகூர் நீரிணை தெரிகிறது. அதுவும் நீரிணைதானே, ஏன் சும்மா கிடக்கிறது? (மாணவி, உட்லண்ட்ஸ்)

கட்டிப்போட்டார்கள், அதனால். ஜோகூர் கடற்பாலத்தில் 1923இல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கியது, 1924இல் முறைப்படித் திறந்தார்கள். பெயர்தான் பாலம், உண்மையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல் நீளமுள்ள கல் அணை. அதற்கு முன் ஒரு பக்கம் நுழைந்த தண்ணீர் மறுபக்கம் போகலாம். இப்போது உங்கள் நீரிணை முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பைகள். ஒரே வாசல் என்று மேலே சொன்னேனே, அந்த விதி உங்கள் வீட்டுப் பக்கம் செல்லும். தெம்பனிஸ் தம்பியிடம் கயாக்கை அங்கே கொண்டுவரச் சொல்லலாம்.

கேள்வி: உலகத்திலேயே மூர்க்கமான நீரிணை எது? ஒடுங்கினால் ஏன் வேகம் கூடுகிறது? ஜப்பானில் நருத்தோ சுழி பார்க்கப் போகிறோம், காசுக்குத் தகுமா? (வாசகர், சுவா சூ காங்)

முதலில் ஒடுக்கம். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக் கூட்டம் கேம்பல் லேனுக்குள் திரும்பும்போது என்ன ஆகிறது? நிற்கிறது. மனிதக் கூட்டம் ஒடுங்கினால் நிற்கும், தண்ணீர் ஒடுங்கினால் ஓடும். அதைப் பிழிந்து சின்னதாக்க முடியாது. பின்னால் வருவது நிற்கவும் போவதில்லை. அதே அளவு சின்ன வாசலில் போக வேண்டுமென்றால் வேகமாகத்தான் போயாக வேண்டும்.

மூர்க்கத்தில் முதல் மரியாதை நார்வேயின் சால்ட்ஸ்ட்ராவ்மனுக்கு. பூடோ நகரத்துக்குப் பக்கம், 3 கிலோமீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுமார் 40 கோடி கன மீட்டர் தண்ணீர் அதற்குள் போகிறது அல்லது வருகிறது, 20 நாட் வரை வேகத்தில். பேரனிடம் கொடுத்தேன், வகுத்தான்: விநாடிக்கு ஏழு ஒலிம்பிக் நீச்சல் குளம். நான் அங்கே போனதில்லை. அந்தக் குளிருக்கு என் முட்டி ஒத்துக்கொள்ளாது.

நருத்தோவுக்குப் போயிருக்கிறேன், மகள் கூட்டிக்கொண்டு போனாள். தாராளமாகத் தகும். ஆனால் எந்த நாள், எந்த மணி என்று பார்க்காமல் போனால் நீல நிறத்தில் ஒரு சாதாரணக் கடலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். பெரிய பாலத்தின் அடியில் 450 மீட்டர் நீளத்துக்கு நடைபாதை, தரையில் கண்ணாடி, கீழே 45 மீட்டரில் கடல். மகள் கண்ணாடிமேல் கால் வைக்கவே இல்லை. நான் அதன்மேல் மண்டியிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார்.

அங்கே நடப்பதும் இரண்டு வாசல் கதைதான். பசிபிக்கின் ஓதம் அவாஜி தீவை ஒரு பெரிய சுற்றுச் சுற்றி உள்கடலுக்குள் வந்து சேர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. அது வந்து சேரும்போது வெளியே வற்ற ஆரம்பித்திருக்கும். நீரிணையின் அகலமோ 1.3 கிலோமீட்டர். இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம். கடல் நடுவே ஒரு சரிவைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் பாய்கிற வேகத் தண்ணீர் ஓரத்து மந்தத் தண்ணீரை உரசிக்கொண்டு போகும் இடத்தில் சுழி பிறக்கும். பெரிய ஓத நாள்களில் 20 மீட்டர் விட்டம்கூட வரும் என்கிறார்கள். நான் பார்த்தவை அதைவிடச் சிறியவை. ஆனால் ஒன்று பிறந்து, வயிறு குழிந்து, வெள்ளை நுரையை உள்ளே இழுத்து, பத்து எண்ணுவதற்குள் காணாமல் போகிறது. அதற்குள் பக்கத்தில் இன்னொன்று. அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பிந்திப் போங்கள்.

கேள்வி: நம் கடலில் இவ்வளவு ஓட்டம் இருந்தும் மின்சாரம் எடுக்காதது ஏன்? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

இவ்வளவு போதாது. ஓட்டத்தின் ஆற்றல் வேகத்தின் கன மடங்காக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. 8 நாட் ஓடுகிற ஸ்காட்லாந்துக்காரனுக்கு, 2 நாட் ஓடுகிற இடத்தைவிட 64 மடங்கு கிடைக்கும். அவர்கள் பென்ட்லண்ட் நீரிணையில் 1.5 மெகாவாட் சுழலிகள் நான்கை இறக்கியிருக்கிறார்கள். இங்கே செந்தோசா பலகைப் பாலத்தடியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு சோதனைச் சுழலி வைத்தது. தவிர, கப்பல்கள் வரிசையாக நிற்கிற கடலில் எங்கே போய்க் காற்றாடி நடுவது?

கேள்வி: நான் ராமேஸ்வரம் பக்கம். எங்கள் பாம்பன் ஓட்டத்தை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லையே? (வாசகர், ஜூரோங்)

கோபப்படாதீர்கள். உங்கள் ஊர் ஓட்டத்துக்கு ராஜா நிலா அல்ல, காற்று. அங்கே ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. தென்மேற்குக் காற்று வீசினால் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து பாக் நீரிணைப் பக்கம் தள்ளும், வாடை வந்தால் திருப்பி விடும். நீவாடு என்று நம் கடற்கரை ஆள்கள் சொல்கிற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். 'நீரோட்டம்' ஆற்றுக்கும் பொருந்தும், கடலில் பிழைத்தவன் வாயில்தான் 'நீவாடு' வரும்.

கேள்வி: தாத்தா, லாப்ரடார் பூங்காவில் ஒரு மிதவையைப் பார்த்தேன். அது வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் அதே இடத்தில் இருந்தது. எப்படி? (வயது 9, தெலுக் பிளாங்கா)

கண்ணா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உன்னுடையது. மிதவை சங்கிலியால் அடியில் கட்டப்பட்டிருக்கிறது. ஓடுவது தண்ணீர். மிதவை சாய்ந்துகொண்டு தண்ணீரைக் கிழிக்கிறது, முன்னால் மீசை மாதிரி நுரை, பின்னால் நீண்ட வால். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால் நாம் போவது போலத் தோன்றுமே, அதே ஏமாற்று.

நீ நின்ற இடம் சாதாரண இடமில்லை. அங்கே கடல் வாசலில் பல் மாதிரி ஒரு பாறை நின்றது. சீனப் பயணி வாங் தாயுவான் 1349இல் எழுதிய டிராகன் பல் வாசல் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல்களுக்கு வழி அகலமாக வேண்டும் என்று 1848இல் வெள்ளைக்காரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது கரையில் இருப்பது அதன் மாதிரிதான், அதன்மேல் ஏறாதே.

இனி ஒரு விளையாட்டு சொல்லித் தருகிறேன். மிதவையின் வால் எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு நோட்டில் மணியோடு எழுது. சிறிது நேரம் கழித்து வால் குட்டையாகும். மீசை மறையும். மிதவை நிமிர்ந்து நிற்கும். அப்போது கடல் கண்ணாடி மாதிரி ஆகும். மிதந்து வந்த இலைகூட எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு மிதவை மெதுவாக மறுபக்கம் சாயும், புது வால் முளைக்கும். அந்த மணியையும் எழுதிக்கொள். வீட்டுக்குப் போய்த் தேதி கிழிக்கிற காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பார்த்துப் பக்கத்தில் குறித்துவை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நோட்டோடு வா. மைலோ வேண்டுமென்றால் நீயே கொண்டுவர வேண்டும், என் பிளாஸ்கில் இருப்பது சீனி போடாத காப்பி.