அகாடமிக்குக் கடன் வேண்டாம், கேபிள் சுருட்டட்டும்

பள்ளிப் படிப்பை முடித்த உங்கள் மகள் இரவெல்லாம் மடிக்கணினியில் டெக்னோ என்ற மின்னணு நடன இசை செய்துகொண்டிருக்கிறாள், அவளை எதில் சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா கணினிப் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார். அத்தையோ, இசைதான் என்றால் பெயர்பெற்ற அகாடமியில் ஓராண்டு மியூசிக் புரொடக்‌ஷன் டிப்ளமோ படிக்கட்டும், கடனுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். நீங்கள் பயப்படுவது புரிகிறது, அம்மா. ஆனால் ஆறுதல் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இரண்டு யோசனையும் தவறு. அத்தையுடையது இன்னும் பெரிய தவறு, மகளின் ஆசைக்கு இணங்குவதுபோல அது தோற்றம் காட்டுவதால்.

பெரியப்பாவுக்குப் பதில் சுருக்கம்தான். அவளுக்குக் கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும், நிரல் எழுதுவதில் மட்டும் துளியும் நாட்டமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாட்டமில்லாத படிப்பில் நான்கு ஆண்டு உட்கார வைத்தால் பட்டமும் அரைகுறை, இசையும் அரைகுறை.

அகாடமி என்ன கற்றுத் தரும்? ஒரு இசை மென்பொருள், சின்தசைசர் அடிப்படை, ஒலியைச் சீர்செய்யும் ஈக்யூ, கம்ப்ரசர் போன்ற கருவிகள், கடைசியில் நாலைந்து டிராக். இதில் பெரும்பகுதி மென்பொருளோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. இசை வெளியிடும் லேபிள்காரர் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அனுப்பிய ஃபைலை அரை நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார். கடனோ, அவளுக்கு வருமானமே இல்லாத ஆண்டுகளில் தவணை கேட்கும். தவணை நெருக்கினால் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடத் தோன்றும். ஒரு டிராக்கில் இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை என்று இரண்டு உண்டு. பணமுடையில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்து, காலவரையறை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே கடன் கூடாது. குறைந்த வட்டி, உறவினர் ஜாமீன் என்று எது சொன்னாலும் கூடாது.

டிஜே ஆவது, ஆன்லைனில் டிராக் விற்பது, வகுப்பெடுப்பது எல்லாம் அவளுக்கே தெரிந்திருக்கும். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கருவி வாடகைக்கு விடும் நிறுவனத்தில் சவுண்ட் சிஸ்டம் டெக்னீஷியனாகச் சேர்வது.

"பெட்டி தூக்கும் வேலையா?" என்று உறவில் யாராவது கேட்பார்கள். ஆமாம், முதலில் பெட்டிதான். ஆனால் நடன இசையின் வரலாற்றில் பாதி அந்தப் பெட்டிக்காரர்களுடையது. ஜமைக்காவின் கிங் டபி ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்த்தவர், சொந்தமாக சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர். ஒலிகளைக் கலக்கும் மிக்சரையே வாத்தியமாக்கி, பதிவான பாட்டுகளுக்கு மறுவடிவம் கொடுத்து அவர் செய்த 'டப்' என்ற இசையில்தான் இன்றைய ரீமிக்ஸின் வேர் இருக்கிறது. நியூயார்க்கில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜ் கிளப்புக்குப் பெயர் வாங்கித் தந்ததில் டிஜே லாரி லெவனுக்கு எவ்வளவு பங்கோ, ஒலியமைப்பைக் கட்டிய ரிச்சர்ட் லாங்குக்கும் அவ்வளவு பங்கு.

முதல் சில மாதங்கள் அவள் கேபிள் சுருட்டுவாள். கையில் முழங்கையைச் சுற்றி இழுத்துச் சுருட்டினால் உள்ளே கம்பி முறுக்கேறி, வெளியே தெரியாமல் அறுந்துவிடும். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக மாற்றி மாற்றி விட வேண்டும். வீசினால் முடிச்சு விழாமல் நேராக ஓடும். பிறகு பேச்சிங்: எந்த வயர் எந்தச் சேனலுக்கு என்று இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதுவது. பவர் போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபையர் கடைசியில், அணைக்கும்போது நேர்மாறு. இது மாறினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி விழும், உயர் ஒலி தரும் ட்வீட்டர் போய்விடும். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் (ஹம்) வந்தால் பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துச் சரிசெய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவரிடம் அவள் ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது. ஆள் போகிற காரியம் அது. வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் ஆடியோ வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், அதைத்தான் தொட வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் அவள் இசைக்கே உரம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதை 100 மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசையில் ஒவ்வொரு கிக் டிரம் அடியும் இரண்டு தடவை கேட்கும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளைத் தரும் சப்-ஊஃபர்களை மேடையின் இரு ஓரத்திலும் பிரித்து வைத்தால், இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் 2.86 மீட்டர் ஆகிற இடத்தில் இரண்டின் 60 ஹெர்ட்ஸ் ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே நிற்பவருக்கு அந்த பேஸ் இருக்காது. அதனால்தான் பல இடங்களில் சப்புகளை நடுவில் சேர்த்து அடுக்குகிறார்கள். டிஜே மிக்சரில் மீட்டர் சிவப்புக்கு ஏறினால் ஒலி கூடுவதில்லை, சிதைகிறது. ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் சிஸ்டத்தின் லிமிட்டர் அதை அமுக்க, சத்தம் போதவில்லையே என்று டிஜே மேலும் ஏற்றுவார். இந்தச் சண்டை ஏறக்குறைய தினமும் நடக்கும்.

ஹெட்போனில் அகலமாக, அபாரமாகக் கேட்ட தன் பேஸ் கிளப்பில் ஏன் காணாமல் போகிறது என்று அவள் குழம்பிக்கொண்டிருப்பாள். பல இடங்களில் இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துத்தான் சப்புக்கு அனுப்புவார்கள். ஸ்டீரியோவில் விரித்த பேஸின் இரு பக்கமும் எதிர் ஃபேஸில், அதாவது ஒரு பக்கத்தின் அலை ஏறும்போது மறுபக்கத்தினது இறங்குவதாக இருந்தால் அப்போது அழிந்துவிடும். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக வைத்துக்கொள் என்று எந்த வகுப்பிலும் சொல்வார்கள். டெக்னீஷியனாக நின்றால் அது அழிவதைக் காதால் கேட்பாள்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒலியைக் கணினியோடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், மூடிய வகை ஹெட்போன், ஓர் அளவீட்டு மைக். அளக்க ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள் போதும். அறையின் எதிரொலியை அடக்காமல் விலையுயர்ந்த மானிட்டர் ஸ்பீக்கர் வாங்குவது வீண். பிறந்தநாள் பரிசாகக்கூட வேண்டாம்.

மேடை தனக்குப் பயம், அறைக்குள் ஒலியைச் செதுக்குவதுதான் பிடிக்கும் என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கூச்சம், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஒதுக்காதீர்கள். ஊர் ஊராக, இரவு இரவாக மேடையேறும் வாழ்க்கை எல்லாருக்கும் ஒத்துவராது. ஸ்வீடனின் டிஜே அவிச்சி புகழின் உச்சியில் இருந்தபோதே உடல்நலத்தைச் சொல்லி 2016-ல் மேடையை விட்டார். 2018-ல் 28 வயதில் இறந்தார். மேடைக்குப் பின்னால் நிற்கவே விரும்புகிற பெண்ணை முன்னால் தள்ள வேண்டியதில்லை. மாறாக, கூட்டத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு உற்சாகம் வரும் என்றிருந்தால் இந்த ஆலோசனையே வேறாக இருந்திருக்கும்.

சேரும் முன் நிறுவனத்திடம் பேசி எழுத்தில் வாங்க வேண்டியவை: சிறிய தொகையானாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சம்பளம், நள்ளிரவுக்குப் பிறகு வீடு சேர வண்டி, பயிற்சி தராமல் உயரத்தில் ஏற்றுவதில்லை, மெயின் பவர் இணைப்பு உரிமம் பெற்ற மின்பணியாளர் கையில். வாரத்தில் இரண்டு நாள் அவள் டிராக்குக்கு ஒதுக்கப்பட வேண்டும். 'அனுபவமே கூலி' என்பவர்களிடம் வேண்டாம்.

செலவு செய்தே ஆக வேண்டிய ஒன்று காது. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பஞ்சு அடைத்தால் உயர் ஒலிகள் மட்டும் மங்கும், வேலை செய்ய முடியாமல் கழற்றிவிடுவாள். காதின் அச்செடுத்து, எல்லா அலைவரிசையையும் சீராகக் குறைக்கும் ஃபில்டர் வைத்த செவியடைப்பான் செய்து கொடுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு முன்பே செவித்திறன் பரிசோதனை செய்து அந்த வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுதோறும் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.