எஃப்பிஜிஏ வேலைக்கு எந்தப் பின்னணியிலிருந்து வரலாம்?

கேள்வி: சில வருடங்களாக மைக்ரோகன்ட்ரோலருக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறேன். எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி மாற்றக்கூடிய சிப்) பக்கம் மாற ஆசை. அங்கே எல்லாரும் விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) முதுகலை முடித்தவர்களா? நான் மறுபடி படிக்கப் போகணுமா?

தாராளமாக வரலாம், அதற்காக இன்னொரு பட்டம் தேவையில்லை. மின்னணுவியல் படித்தவர்கள்தான் இங்கே அதிகம், உண்மை. ஆனால் ரேடார் சிக்னல் பிராசஸிங்கில் இருந்தவர்கள், சர்க்யூட் போர்டு வடிவமைத்தவர்கள், செர்ன் மாதிரி ஆய்வகங்களில் டிடெக்டரிலிருந்து கொட்டும் தரவை அந்தக் கணமே வடிகட்டவேண்டி வந்ததால் இதைக் கற்றுக்கொண்ட இயற்பியல்காரர்கள் என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். டேட்டாஷீட் படிக்கவும் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பிழை தேடவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அது சின்ன விஷயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்யூட்டை விவரித்து எழுதும் மொழியான வெரிலாக் பார்க்க சி மாதிரியே இருக்கும், சி தெரிந்தவர்கள் சறுக்குவதும் அதனால்தான். அங்கே எட்டுச் சுற்றுக்கு ஃபார் லூப் எழுதினால் அது எட்டு முறை ஓடாது, அதே சர்க்யூட் எட்டுப் பிரதிகளாக சிப்பில் உட்கார்ந்துகொள்ளும். கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சின்ன சர்க்யூட்) அடுத்ததற்குப் போய்ச்சேர சிக்னலுக்கு 10 நானோசெகண்ட்தான், வழியில் இருக்கிற கணக்கெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். அப்புறம், ஒரு கிளாக்கிலிருந்து இன்னொரு கிளாக்குக்கு சிக்னல் கடப்பது. சிமுலேஷனில் சுத்தமாக ஓடும், போர்டில் எப்போதாவது ஒருமுறை மட்டும் தப்பும். ஒரு பிட்டுக்கு ஏன் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் போதும், பல பிட்டுக்கு ஏன் அசிங்க்ரனஸ் ஃபிஃபோ (இரண்டு கிளாக்குகளுக்கு நடுவே தரவை வரிசையாக வைத்துக் கொடுக்கும் பஃபர்) வேண்டும் என்று உங்களால் காரணத்தோடு சொல்ல முடிந்தால், நேர்காணலில் பட்டத்தின் பெயரைவிட அதுதான் எடுபடும்.

புரோட்டோடைப்பிங் கொஞ்சம் தனி உலகம். ஒரு ஏசிக்கை (ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே செய்யும், பிறகு மாற்ற முடியாத சிப்) ஃபேபுக்கு, அதாவது சிப் தயாரிக்கும் ஆலைக்கு, அனுப்பும் முன் எஃப்பிஜிஏவில் ஓட்டிப் பார்ப்பார்கள், பெரிய வடிவமைப்பு ஒரே சிப்பில் அடங்காது, பல சிப்புகளில் பிரித்துப் போடவேண்டும், கிளாக் கேட்டிங்கை (மின்சாரம் மிச்சம்பிடிக்க வேலையில்லாத பகுதிக்கு கிளாக்கை நிறுத்துவது) மாற்றி எழுதவேண்டும், வேகமும் நிஜ சிப்பைவிட மிகவும் குறைவாகவே கிடைக்கும். வெரிஃபிகேஷனில் (வடிவமைப்பு சரியா என்று சோதிக்கும் வேலை) பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்.

பழக ஐஸ்40 என்ற எஃப்பிஜிஏ சிப் உள்ள சின்ன போர்டு போதும். வெரிலாக்கை சிப்புக்கு ஏற்ற வடிவமாக்கும் மென்பொருள்களான யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் இரண்டுமே இலவசம். யுஆர்ட்டில் (பிட் பிட்டாகத் தரவு அனுப்பும் எளிய சீரியல் இணைப்பு) தொடங்கி ஃபிஃபோ வரைக்கும் எல்லாவற்றுக்கும் டெஸ்ட்பெஞ்ச் (சோதனை நிரல்) சேர்த்தே எழுதுங்கள். சுயவிவரத்தில் "வெரிலாக் தெரியும்" என்று போடுவதைவிட, எந்தப் பாதையில் டைமிங் தவறியது, பைப்லைன் போட்டு (நீளமான கணக்கை நடுவே ஃபிளிப்-ஃபிளாப் வைத்துத் துண்டாக்கி) எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுவது நல்லது.

முதல் வேலைக்கு ஜிங்க் மாதிரி, ஆர்ம் பிராசஸரும் எஃப்பிஜிஏவும் ஒரே சிப்பில் இருக்கிற சாதனங்களில் வேலை செய்யும் குழுக்களைத் தேடுங்கள். டிரைவர் எழுதத் தெரிந்து, பிராசஸரையும் எஃப்பிஜிஏவையும் இணைக்கும் ஆக்ஸி பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றும் புரிந்த ஆள் அவர்களுக்கு எப்போதுமே தேவை.