டொராண்டோ போகும் சிம்மக்கல் தம்பிக்கு

ஜனவரியில் டொராண்டோவுக்குப் படிக்கப் போகும் மதுரை சிம்மக்கல் தம்பி ஒருவர் வாடகை, பகுதிநேர வேலை, வங்கிக் கணக்கு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில், "அண்ணே, இரைச்சலிலேயே வளர்ந்தவன் நான். பனி பெய்தால் ஊரே மயானம்போல் ஆகிவிடுமாமே, தாங்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் மூன்றையும் உங்கள் கல்லூரியிலேயே சொல்லிவிடுவார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன். விடுமுறைக்கு வந்து, செல்லூரில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

மயானம் என்று சொன்னவர் பனி இரவில் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். நம்மவர்களில் பலர் அப்படித்தான். சன்னல் வழியாகப் பனியைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். பிறகு ஏப்ரல் வரை குளிரைத் திட்டித் தீர்ப்பார்கள். மற்ற நாட்களில் டொராண்டோ ஒன்றும் அமைதியான ஊர் இல்லை. யங் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தமும் கட்டட வேலைச் சத்தமும் ஓயாது. பனி கனமாகக் கொட்டும் இரவில்தான் அது அடங்கும். வண்டிகள் குறைந்துவிடும் என்பது ஒன்று. புதுப்பனிக்குள் காற்று நிறைய இருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்னொன்று. அதே பனி இறுகிக் கட்டியானதும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதற்குள் பனி வாரும் லாரிகளும் ரோட்டைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். கிடைப்பது சில மணி நேரம்தான்.

அந்த நேரத்தில் நடக்கப் போங்கள், ஆனால் ஹெட்போன் கூடவே கூடாது. பின்னால் வரும் காரும் அப்போது சரியாகக் கேட்காது. ஓட்டுபவர் பிரேக் போட்டாலும் வண்டி வழுக்கிக்கொண்டுதான் நிற்கும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, குளிர் எலும்புக்கு ஏறும். உள்ளே கம்பளி போடுங்கள். காது மடலோ விரலோ மரத்து வெளுத்தால் தேய்க்காமல் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இதையெல்லாம்விட மோசமானது மறுநாள். பகலில் உருகிய தண்ணீர் இரவில் தார் ரோட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடக்கும். கடுங்குளிரில் உப்புத் தூவியும் பயன் இருக்காது. இடுப்பை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் போனது 1998 கடைசியில். அடுத்த ஜனவரியிலேயே இரண்டு வாரத்தில் ஒரு மீட்டருக்குமேல் பனி கொட்டியது. மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டுவிட்டார். மற்ற மாகாணத்துக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பேஸ்மென்ட் அறையில் கிடந்தவனுக்குத்தானே தெரியும். ஒரு முழ அகலச் சன்னலைப் பனி மூடிவிட்டது. வீட்டுக்காரர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். பத்து மணியானால் மேலேயிருந்து ஹீட்டரைக் குறைத்துவிடுவார். வெள்ளைக்காரர் வீட்டில் இருந்தவர்கள் என்னைவிடச் சூடாகத் தூங்கினார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள், உணவகத்தில் பாத்திரம் கழுவி முடித்து நள்ளிரவில் வெளியே வந்தேன். பஸ் வரவில்லை. யங் தெருவோடு நடந்தேன். ஒரு முனையில் சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியபோது, கம்பத்துப் பெட்டிக்குள் 'டக்' என்று கேட்டது. அடுத்த முறை மாறும்வரை நின்று மறுபடியும் கேட்டேன். தொப்பியில் பனி விழும் சரசரப்புகூடத் தனியாகக் கேட்டது. பெரியார் பஸ் நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கும் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைக் கூவுவதையும், கொத்துப் பரோட்டாக் கல் அதிர்வதையும் கேட்டு வளர்ந்தவன் நான். நம் ஊரில் மின்வெட்டு வந்தாலும் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்களே! பயமாக இல்லை. வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம்கூட அந்த நடையில் பாதி இறங்கிவிட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

இப்போது பனி பெய்தால் எங்கள் தெருவில் முதல் ஆளாக மண்வெட்டியோடு இறங்குபவன் நான்தான். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி வாசலையும் சேர்த்து வாரிவிடுவேன்.

வாடகை பற்றி ஒன்றே ஒன்று: பேஸ்மென்ட் என்றால் ஹீட்டரைக் கூட்டிக் குறைப்பது யார் கையில் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பூட்ஸை மதுரையில் வாங்க வேண்டாம். இங்கே எதைக் காட்டினாலும் அடிப்பாகம் அங்கத்திய வழுக்கலுக்கு ஆகாது. அந்தப் பணத்துக்குப் பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போங்கள்.