தோல் ஷாப் இருந்த இடத்தில் செம்மண் கொட்டினால் போதுமா?

கேள்வி: வாணியம்பாடி அருகே பாலாற்றங்கரையில், மூடி இருபது வருடத்துக்கு மேலான ஒரு தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) இடம் விலைக்கு வருகிறது. இரண்டடி மண்ணை எடுத்துவிட்டுச் செம்மண் கொட்டினால் வீடு கட்டலாம், மண் பரிசோதனைச் சான்றும் இருக்கிறது என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டி மேலேயே நின்றுவிடும். அதில் ஒரு பங்கு குரோமியம்-6 ஆக மாறினால்தான் வம்பு. அது தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும், புற்றுநோயும் தரக்கூடியது. பச்சைத் தோலைக் கழுவிய உப்பும் கூடவே இறங்கும். ஆற்றங்கரை மணல் பூமியில் தடுக்க எதுவும் இல்லை. கழிவுச் சேறு கொட்டிய குழி எவ்வளவு ஆழமோ அதுதான் கணக்கு. இரண்டடி என்பது புரோக்கர் கணக்கு.

அடுத்து அந்தச் சான்று. இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் 'மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பொட்டலத்தில் வந்த மண்ணைத்தான் ஆய்வகம் சோதித்தது, உங்கள் இடத்தை அல்ல. அந்த மண் எந்த வயலில் அள்ளியதோ! ஆய்வக ஆளே வந்து, உங்கள் கண்முன் எடுக்கட்டும். குழி இருந்த இடம், சுண்ணாம்புத் தொட்டி இருந்த இடம், கழிவுநீர் ஓடிய வாய்க்கால் என்று தனித்தனியாக, ஓரடி, மூன்றடி, ஆறடி ஆழத்தில் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கலந்தால் கெட்ட மண் நல்ல மண்ணில் மறைந்துபோகும். குரோமியம்-6ஐத் தனியாகக் கேளுங்கள். கிணறோ போரோ இருந்தால் அந்தத் தண்ணீரையும் சோதியுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் நிறமும் தெரியாது, ருசியும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பட்டை மட்டுமே போட்ட ஷாப் என்றால் குரோமியக் கவலை இல்லை. உப்பும் சுண்ணாம்பும்தான் மிச்சம். சுவர் அரிக்கும், மரம் செடி சரியாக வராது, அவ்வளவுதான். ஆனால் 'பட்டை ஷாப்' என்று ஓனர் சொல்வதை நம்பாதீர்கள். பட்டையில் தொடங்கி, 1970களுக்குப் பிறகு குரோமுக்கு மாறியவை நிறைய. சில இடங்களில் ஒரே கூரைக்குள் இரண்டும் நடந்தது. அங்கே வேலை பார்த்த பெரியவர்களைத் தேடிக் கேளுங்கள், எந்த வருஷம் மாறினார்கள், எந்த மூலையில் என்று. அப்படிக் கேட்டபிறகும் ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

சேற்றை லாரியில் அள்ளிப்போகிறேன் என்று மலிவு விலை சொல்பவரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். குரோமியச் சேறு அபாயக் கழிவு. உரிமம் பெற்ற கிடங்குக்கு, படிவம் 10 என்ற போக்குவரத்துச் சீட்டோடுதான் போக வேண்டும். சீட்டு இல்லையென்றால் அது பக்கத்து ஊர் ஏரிக்குத்தான் போகிறது.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமிய ஆலை விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, அதற்குப் பிறகும் பல்லாண்டு அங்கேயே கிடந்தது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் பட்டியல் தர வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

வில்லங்கச் சான்றில் இடத்தின் கடன் தெரியும், குரோமியம் தெரியாது. ஆகவே சோதனையில் கழிவு வந்தால், அகற்றும் வேலையை விற்பவர் பெயரிலேயே, அவர் செலவிலேயே, பத்திரப் பதிவுக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள். பதிவான பிறகு நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரலாம்.