கடலோரம்: நீங்கள் கேட்டதும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, புதுச்சேரி கடற்கரையில் வெறும் கருங்கல்லைத்தான் பார்த்து வளர்ந்தேன். இப்போது தலைமைச் செயலகம் பக்கம் மணல் இருக்கிறதே, யார் கொட்டியது?

பதில்: பெரும்பாலும் கடலே கொண்டுவந்தது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கே ஓடும் நீரை வன்னி என்றும் தெற்கே ஓடுவதைத் தெண்டி என்றும் தனித்தனிப் பெயர் வைத்தே சொல்வார்கள்.

1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு நீட்டினார்கள். மணல் தெற்கேயே தேங்கிவிட்டது. வடக்கே ஊர்ப் பக்கம் இருந்த மணலை அலை எடுத்துப் போனது, ஈடு செய்ய ஒன்றும் வரவில்லை. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை வைத்தது. அலை அதன் மேல் உடைந்து வலு குறைவதால் பின்னால் மணல் படிகிறது.

கேள்வி: எங்கள் ஊர் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே. கல் சுவர் போட்டால் தீருமா?

பதில்: சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பும், முன்னால் இருக்கும் மணல் தப்பாது. சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே அடுத்த குப்பம் அரிக்கும். துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் ஒரே கதைதான்.

கேள்வி: 2019 ஆகஸ்டில் திருவான்மியூரில் அலை நீலமாக ஒளிர்ந்தது. ஆபத்தா சார்?

பதில்: ஒளியால் ஆபத்தில்லை. அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி, அலை அசைத்தால் மின்னும். கூட்டம் பெருகினால்தான் தலைவலி. அதன் உடலில் அம்மோனியா உண்டு; மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரில் ஆக்சிஜனும் குறையும். அடுத்த மாதமே மண்டபம் பக்கம் பச்சை நாக்டிலூகா பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின.

ஏன் பெருகியது என்று கேட்டால் உயிரியல்காரர் நுண்ணோக்கியில் அது எதைத் தின்கிறது என்று பார்ப்பார். அந்த இரைக்கு உரம் எங்கிருந்து வந்தது? சாக்கடையா, அடியிலிருந்து மேலே வந்த நீரா? வேதியியல்காரரைக் கேட்க வேண்டும். அடிநீரை மேலே கொண்டுவந்தது காற்றா? அதற்கு இயற்பியல். எந்த நாளில் வலையில் என்ன விழுந்தது என்பது மீனவருக்குத்தான் தெரியும். நால்வரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் அளந்திருந்தால்தான் பதில் கிடைக்கும். பாதி நேரம் அப்படி அளப்பதில்லை என்பது என் புலம்பல்.

கேள்வி: கடல் உயிரியல் படிக்கிறேன். கணக்கு வராது, பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குமரிப் பக்கம் காற்றே இல்லாத நாளில் கடல் ஏறுகிறதே?

பதில்: கள்ளக்கடல். அந்த அலை கிளம்பியது இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயலில். இங்கே வர நான்கு நாள் போலாகும். காற்று அங்கே, அடி இங்கே. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படியொரு நாளில்தான். தூரத்திலிருந்து வருவதால் முன்கூட்டியே கணிக்க முடிகிறது, ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடுகிறது. வானம் தெளிவாக இருந்தாலும் எச்சரிக்கை இருக்கும் நாளில் காலைக்கூட நனைக்காதீர்கள்.