டின் டூனா கேள்வி பதில்: எண்ணெயா, தண்ணியா, கொத்து பரோட்டாவா?

தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன், இப்போது மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் குடியிருக்கிறேன். டின் டூனா, அதாவது நம்ம சூரை மீன், அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திறந்த டின்னை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மிச்சத்தை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

செல்லூர்க்காரன்: அண்ணே, எண்ணெய் டின் வாங்குறதா, தண்ணி டின்னா?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. வதக்கிச் செய்ய எண்ணெய் டின். அந்த எண்ணெயைக் கீழே ஊற்றாதீர்கள். மீனின் கொழுப்பும் வாசமும் அதில் இறங்கியிருக்கும், வெங்காயத்தை அதிலேயே வதக்குங்கள். தயிரும் மிளகும் கலந்து பிரெட்டுக்குள் வைக்கத் தண்ணி டின் நல்லது. உப்புத் தண்ணி என்று போட்டிருந்தால் வடித்து, ருசி பார்த்த பிறகு உப்பைப் பற்றி யோசியுங்கள். எனக்கு எப்போதும் எண்ணெய் டின்தான்.

விலையை ஒப்பிடும்போது மொத்த எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 185 கிராம் டின்னில் வடித்த மீன் 130 கிராம் அளவில்தான் இருக்கும். அந்த எண் லேபிளில் சின்னதாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஜிம் பையன், கே.கே. நகர்: தினமும் ஒரு டின் சாப்பிடலாமா?

வடித்த 100 கிராமில் புரதம் சுமார் 25 கிராம், அது சரி. ஆனால் தினமும் வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன பாதரசம் அதன் உடம்பில் சேரும். டின்னில் லைட் என்று வருவதில் பெரும்பாலும் சின்ன வகைச் சூரை இருக்கும், பாதரசம் குறைவு. வெள்ளை என்று வரும் அல்பகோர் என்ற சூரை வகையில் அதைவிட அதிகம். அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்குச் சொல்வது: லைட் என்றால் வாரம் 2, 3 வேளை, அல்பகோர் என்றால் 1 வேளை. முட்டையும் சுண்டலும் எதற்கு இருக்கிறது?

மேலூர் அக்கா: மீன் குழம்பு வைத்தேன், எல்லாம் கரைந்து கூழாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும் அக்கா. ஆலையில் மீனை ஒரு முறை ஆவியில் வேக வைத்துத் தோல், முள் எடுப்போம். டின்னில் அடைத்து மூடிய பிறகு அழுத்தத்தில் இன்னொரு முறை வேகும். இரண்டு தடவை வெந்ததைப் புளியோடு கொதிக்கவிட்டால் என்ன மிஞ்சும்? குழம்புக்கு அயிரையோ விராலோ கரிமேடு மீன் மார்க்கெட்டில் வாங்குங்கள்.

டின் மீனுக்குச் சரியான வழி புட்டு. சுறாப்புட்டு செய்வது போலத்தான். வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, இஞ்சி, நிறையக் கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவந்ததும் மஞ்சளும் மிளகும் போட்டு, மீனை விரலால் உதிர்த்துத் தூவி, ஈரம் வற்றியதும் இறக்குங்கள். ரசம் சோற்றுக்கு இதை விட்டால் வேறு இல்லை.

உசிலம்பட்டி வாசகர்: சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. எனக்கு மீன் ஒத்துக்காதா?

ஒவ்வாமையாக இருக்கலாம், ஹிஸ்டமினாகவும் இருக்கலாம், அதாவது கெட்ட மீனில் உண்டாகி ஒவ்வாமை மாதிரியே காட்டும் பொருள். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுரீரென்றால் துப்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் திறந்த டின்னை மேடையிலேயே வைத்துவிட்டு மாலையில் எடுத்தாலும் இதே கதைதான். மறுபடி சாப்பிட்டுச் சோதிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

பரோட்டா பாண்டி: அண்ணே, டூனா கொத்து பரோட்டா போடலாமா?

போடலாம். முட்டை, வெங்காயம், பரோட்டா எல்லாம் கொத்தி முடித்த பிறகு மீன். முதலிலேயே போட்டால் தகட்டடியில் தூளாகிப் பரோட்டாவில் ஒட்டிவிடும்.

சிம்மக்கல் சீனியர்: மதுரைக்காரன் பேசுற பேச்சா இது? கொத்துன்னா கறி, சால்னா. ஆட்டுச் சால்னாவில் மீனா?

சால்னாவை யார் ஊற்றச் சொன்னது? டின் எண்ணெயும் மிளகும் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் நாலு பரோட்டா மிஞ்சினால் கறிக்கு எங்கே போவீர்கள்?

ஆனையூர் தங்கச்சி: எங்கள் அம்மா இலங்கையிலிருந்து வந்தவர். அங்கே மீன் கொத்து கடையிலேயே கிடைக்கும். நாங்கள் டின் மீனிலும் செய்வோம்.

கேட்டுக்கொள்ளுங்கள் சீனியர். ஆனால் தங்கச்சி, அங்கே டின் மீன் என்றால் பெரும்பாலும் கானாங்கெளுத்தி மாதிரி மீன், முள்ளோடு வரும். கொஞ்சம் அதிகம் கொத்தினாலும் தாங்கும். டூனா தாங்காது.

சிம்மக்கல் சீனியர்: அது இலங்கை. நான் பேசுறது மாசி வீதி.

மாசி வீதியில் யாரும் டின் திறக்கச் சொல்லவில்லை, உங்கள் அடுப்படியில் செய்யுங்கள் என்கிறேன்.

பரோட்டா பாண்டி: செஞ்சு பார்த்தேன் அண்ணே. சூப்பர். கறிக்கொத்து கிட்ட நிக்காது, ஆனா சூப்பர்.

சிம்மக்கல் சீனியர்: பார்த்தீங்களா, நிக்காதுன்னு அவனே சொல்லிட்டான்.

சரி, இதோடு கொத்தை விடுங்கள்.

புதிய உறுப்பினர்: எண்ணெய் டின் நல்லதா, தண்ணி டின் நல்லதா?

மேலே முதல் பதில்.

இன்னொரு புதியவர்: குழம்பில் போடலாமா?

மேலே. படியுங்கள் ஐயா.

பூனைக்காரி: பூனைக்குக் கொடுக்கலாமா?

உப்பில்லாத தண்ணி டின், எப்போதாவது ஒரு துண்டு. வெங்காயம் சேர்ந்ததைக் கொடுக்கவே கூடாது. மற்றதை மாட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

திருப்பரங்குன்றம் வாசகர்: டின் மேல்மூடி லேசாக உப்பியிருக்கிறது, தேதி இன்னும் இருக்கிறது.

தேதி இருந்தால் என்ன? உள்ளே கிருமி வளர்ந்து வாயு வந்திருக்கலாம். போட்டுலிசம் என்ற கிருமி விஷ நோய் ஆளையே கொல்லும். திறக்காதீர்கள், மோந்தும் பார்க்காதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, நாயும் பூனையும் கிளறாத மாதிரி குப்பையில் போடுங்கள். பில் இருந்தால் கடையில் காட்டிப் பணத்தைக் கேளுங்கள்.