மூன்று பென்டார்ச் செல்லில் தோப்புக் காவல்

கேள்வி: அண்ணாச்சி, மேக்கரையில் மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து அறுநூறு மீட்டர். ராத்திரி பன்றி வருகிறது, சில நாள் யானையும். தோப்பு வாசலில் ஏதாவது அசைந்தால் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி நானே ஒன்று செய்தேன். வைஃபை உள்ள நோட்எம்சியு போர்டு, அசைவைப் பிடிக்கும் ஹெச்சி-எஸ்ஆர்501 சென்சார், 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சடித்த ஒரு 18650 லித்தியம் செல். வைஃபையைத் திசை ஆன்டெனா வைத்து எப்படியோ எட்ட வைத்துவிட்டேன். ஆனால் ஒன்றரை நாளில் செல் காலி. அங்கே கரண்டு கிடையாது, சோலார் பலகை வைத்தால் குரங்கு விட்டுவைக்காது. இன்னும் பெரிய செல் போடலாமா? — மேக்கரை வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 9900-ஐ மறந்துவிடுங்கள். 18650 அளவில் நல்ல செல்லே சுமார் 3500-க்கு மேல் போகாது. அதில் 9900 என்று எழுதியவன் அச்சுக்கூலிக்கு மேல் எதுவும் செலவு செய்திருக்க மாட்டான். உள்ளே 2500 இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வைஃபையைப் பிடித்தபடி விழித்தே கிடக்கிற போர்டு 70 மில்லி ஆம்பியருக்கு அக்கம்பக்கம் இழுக்கும், 2500-ஐ 70-ஆல் வகுத்தால் முப்பத்தைந்து மணி நேரம். அதாவது உங்கள் ஒன்றரை நாள். இரண்டு செல் போட்டால் மூன்று நாள், அவ்வளவுதான்.

செய்தி அனுப்புவதால்தான் செல் தீருகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்து அனுப்பும் சக்தியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தவன்தான். தீருவது காத்திருப்பதில். ராத்திரிக்கு நூறு தடவை அனுப்பினாலும் வைஃபைக்குப் பதிலாகக் குறைந்த கரண்டில் வெகுதூரம் எட்டும் லோரா ரேடியோவில் ஒரு சின்ன செய்திக்கு 60 மில்லி செகண்டு, 40 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 0.07 எம்.ஏ.எச். கூட வராது, வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 25-க்குள். மீதி நேரமெல்லாம் போர்டு தூங்க வேண்டும், சென்சார் மட்டும் கண் முழித்திருந்து, ஏதாவது அசைந்தால் அது போர்டைத் தட்டி எழுப்ப வேண்டும். வாட்ச்மேன் முழித்திருக்கும்போது வீட்டுக்காரரும் ஏன் முழித்திருக்க வேண்டும்?

சாமான் இதுதான். ஏடிமெகா328பி சிப் உள்ள 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி போர்டு, ஏஎம்312 சென்சார், ஆர்எஃப்எம்95 லோரா ரேடியோ, எம்சிபி1700 என்கிற 3.3 வோல்ட் ரெகுலேட்டர், மூன்று அல்கலைன் பென்டார்ச் செல். உங்கள் 501 சென்சார் மோசமில்லை, ஆனால் அது 4.5 வோல்ட்டுக்குக் கீழே ஒழுங்காக ஓடாது, சும்மா இருக்கும்போதே 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் குடிக்கும். ஏஎம்312 நான் அளந்ததில் 15 மைக்ரோ, 2.7 வோல்ட் வரை தாங்கும். பார்வை என்னவோ மூன்று முதல் ஐந்து மீட்டர்தான், வாசலுக்கு அது போதும். சிப்பைப் பவர்-டவுன் தூக்கத்தில் போட்டு, வோல்ட் குறைந்தால் சிப்பை நிறுத்தும் பிரவுன்-அவுட் காவலையும் அணைத்துவிட்டால் அது ஒரு மைக்ரோவுக்கும் கீழே. எல்லாம் சேர்த்து 20 மைக்ரோ. வருஷத்துக்கு 175 எம்.ஏ.எச்., அனுப்பும் செலவோடு 200. செல்லில் 2000 இருக்கிறது. காகிதத்தில் பத்து வருஷம் வரும், நான் அதை நம்புவதில்லை, அல்கலைன் செல் அதற்குள் கசிந்து ஸ்பிரிங்கைப் பச்சையாக்கிவிடும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இந்த 20 வர வேண்டுமானால் ப்ரோ மினியில் கொஞ்சம் அறுவை சிகிச்சை உண்டு. போர்டின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு அது ஒன்றே இழுக்கும், அப்படியானால் மற்றதெல்லாம் தூங்கினாலும் 83 நாளில் செல் முடிந்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மிளகை விடச் சின்ன ரெசிஸ்டரில் சால்டரிங் அயர்னை இரண்டு செகண்டு வைத்து ஓரமாகத் தள்ளினால் வந்துவிடும். போர்டிலேயே இருக்கும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, எம்சிபி1700-லிருந்து வரும் 3.3 வோல்ட்டை நேராக போர்டுக்குக் கரண்டு நுழையும் விசிசி காலில் கொடுங்கள்.

அப்புறம் அளக்கும்போது ஒரு வம்பு இருக்கிறது, அதில் என் ஞாயிற்றுக்கிழமை ஒன்று முழுசாகப் போனது. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் தொடராக மாட்டினால், சிப் எழுந்து ரேடியோவை இயக்கும் நொடியில் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து போர்டு செத்துப் பிழைக்கும். திரும்ப எழும், திரும்ப சாகும். புரோகிராமில்தான் தப்பு என்று நான் சாயங்காலம் வரை வரிவரியாகத் தேடினேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலை கிளிப் வயரால் குறுக்கே இணைத்துவிட்டு போர்டை ஓட விடுங்கள், அது தூங்கிய பிறகு கிளிப்பை எடுத்தால் உண்மையான எண் தெரியும்.

ரேடியோ வாங்கும்போது 868 என்று போட்டதை வாங்கி 866 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், 865 முதல் 867 வரை இங்கே லைசென்ஸ் வேண்டாம். ஆன்டெனாவுக்கு 8.6 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பி போதும். கம்பி இல்லாமல் அனுப்பிப் பார்க்காதீர்கள், ரேடியோ போய்விடும். வீட்டில் கேட்கும் பெட்டி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அதை மொபைல் சார்ஜரில் மாட்டிவிடுங்கள், அங்கே மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: சென்சார் அடித்ததும் வேலிக்கம்பியில் வீட்டுக் கரண்டு பாயும்படி ரிலே வைக்க முடியுமா? — புளியரை வாசகர்

பதில்: முடியும், அதனால்தான் சொல்கிறேன், வைக்காதீர்கள். அது குற்றம். யானை செத்தால் ஜெயில், விடியற்காலை பால் கறக்கப் போகிற பக்கத்துத் தோப்புக்காரர் தொட்டாலும் கதை அதேதான். விளக்கைப் போடுங்கள், சைரனை அடியுங்கள், வனத்துறைக்குப் போன் பண்ணுங்கள்.

கேள்வி: அண்ணா, ஆரியங்காவில் இருக்கிறோம். ஆனி, ஆடி சாரலுக்குப் பயந்து சென்சாரைக் கண்ணாடி வைத்த பெட்டிக்குள் வைத்தேன், ஆளே போனாலும் அடிக்கவில்லை. வெளியே எடுத்தால் மத்தியானம் யாருமே இல்லாமல் அடிக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதா? — ஒரு வாசகி

பதில்: கெடவில்லை, தங்கச்சி. இது பார்ப்பது வெளிச்சத்தை இல்லை, உடம்புச் சூட்டை. உடம்பு விடும் அந்த அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, அக்ரிலிக்கையும் தாண்டாது. நமக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி அதற்குச் சுவர். சென்சாரின் வெள்ளைத் தொப்பி பாலிஎத்திலீன், அது மட்டும் வழிவிடும். அதனால் பெட்டியில் தொப்பி அளவுக்கு ஓட்டை போட்டு, தொப்பியை மட்டும் வெளியே நீட்டி, சுற்றிலும் சிலிக்கான் பசை வையுங்கள், மேலே ஓடு மாதிரி ஒரு தகரம்.

மத்தியானத்து மணிக்குக் காரணம் வெயிலில் காய்ந்த இலையும் காற்றும். சூடான இலைக்கொத்து அசைந்தால் அதற்கு ஆள் போன மாதிரிதான். எதிரில் செடி இல்லாத, நிழலான இடமாகப் பார்த்து, ஆள் நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி திருப்பி வையுங்கள், குறுக்கே போவதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். உச்சி வெயிலில் காற்றும் சுவரும் உடம்புச் சூட்டை நெருங்கிவிடும்போது ஆளையே கோட்டைவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. இன்னொன்று, ரேடியோ அனுப்பும் அலையே பக்கத்திலிருக்கும் சென்சாரைத் தூண்டி, அது அடிக்க, ரேடியோ மறுபடி அனுப்ப என்று விடிய விடிய ஓடுவதும் உண்டு. ஆன்டெனாவைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்து, ஒருமுறை அனுப்பிய பிறகு பத்து செகண்டுக்கு சென்சார் சொல்வதைக் காதில் வாங்காதபடி புரோகிராமில் எழுதிவிடுங்கள். வயர் நுழையும் ஓட்டையையும் பசையால் அடையுங்கள், என் முதல் பெட்டியைத் திறந்தபோது செல்லுக்கும் மூடிக்கும் நடுவே எறும்பு முட்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.